சித்தப்பா காரின் மூக்கு

பினாங்கு போகிறவர்கள் சாப்பாட்டுக்காகப் போவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறப் போவார்கள். சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். 2019 ஜூனில் நான் போனது ஒரு காருக்கு எந்த ஏர் ஃபில்டர் போடுவது என்று முடிவு செய்ய.

கார் சித்தப்பாவுடையது. 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நம்மூர் ஆட்கள் இதை வெள்ளைக்காரப் பணக்காரன் வண்டி என்று தள்ளிவிட வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' எஞ்சின்தான் இதிலும். அதே குடும்பத்தின் 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசடரில் வெகுகாலம் ஓடியது. எம்.ஜி.பி.யில் இருப்பது 1798 சி.சி. அம்பாசடரின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இளமையில் கொஞ்சம் ஊர் சுற்றிய அண்ணன்.

பிரச்சினை இதுதான். பத்து வருடங்களுக்கு முன்பு சித்தப்பா இந்தக் காரின் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைக் கழற்றி மைலோ டப்பாவில் போட்டுவிட்டு, இத்தாலிய வெபர் கார்புரேட்டர் ஒன்றை மாட்டினார். அதன் வாயில் ஃபில்டர் கிடையாது. நாதஸ்வரத்தின் அடிவாய் போல விரிந்த இரண்டு அலுமினியக் குழல்கள், அவற்றின் மேல் கம்பி வலை, அவ்வளவுதான். எழுபதுகளில் பத்து தீகா பந்தயத் திடலுக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்தவர் அவர். அங்கே கேட்ட சத்தம் தன் காரிலும் கேட்க வேண்டும் என்று ஆசை. கேட்டது. பத்து வருடம் கேட்டது. பிறகு வண்டி நீலப்புகை விட ஆரம்பித்தது, ஆயில் குடித்தது. பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவர் முழுக்க நீளநீளக் கீறல்கள்.

ரீபோர் செய்தாயிற்று. இது இரண்டாவது முறை. 'இன்னொரு தடவை கீறல் விழுந்தா லைனர்தான்' என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு. அடுத்த ரிப்பேருக்குப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. 'நீ எஞ்சினியருதானே, வந்து பாரு' என்று போன் வந்தது. நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.

பட்டறை சுங்கை பினாங்கு பக்கம், ஒரு கடைவீட்டின் பின்கட்டில். மலேசியாவில் மெக்கானிக்கை எல்லோரும் 'பொமேன்' என்பார்கள். ஆங்கில 'ஃபோர்மேன்' மலாய் வாயில் புகுந்து வந்த சொல். இந்தப் பொமேன் சீனர், சித்தப்பாவின் வயதுக்காரர். சித்தப்பா அவரைத் 'தவுக்கே' என்கிறார். அவர் சித்தப்பாவை 'பிரதர்' என்கிறார். இருவரும் பேசுவது மலாய், நடுநடுவே தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம்.

மேசை மேல் மூன்று வகை மூக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்று, அந்த வெபரும் குழல்களும். இரண்டு, தோசைக்கல் அளவில் தட்டையான, குரோம் பளபளக்கும் 'பேன்கேக்' ஃபில்டர்கள், எஸ்.யூ.வில் மாட்டுவதற்கு. மூன்று, கார் பிறந்தபோது வந்த கறுப்புத் தகர டப்பாக்கள். உள்ளே காகித மடிப்பு ஃபில்டர், பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் மூக்கு. பழைய பால் பவுடர் டப்பா மாதிரி இருந்ததால் சித்தப்பா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நான் முதலில் செய்தது ஒரு பெருக்கல். 1.8 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 3,000 சுற்றில், முழு ஆக்சிலரேட்டரில், நிமிடத்துக்கு அதிகபட்சம் 2,700 லிட்டர். ஜார்ஜ் டவுனின் கட்டட வேலைத் தூசி, கடலோர உப்பு, லாரிப் புகை எல்லாம் அதோடு சேர்ந்து உள்ளே போகும். அதைப் பத்து வருடம் கம்பி வலை வழியாக விட்டிருக்கிறார். கணக்கைக் காட்டியதும் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவுக்கே மட்டும் சிரித்தார். 'நான் அப்பவே சொன்னேன்லா' என்றார் தமிழில்.

எஸ்.யூ. பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் நான் காதலித்தது அதைத்தான். லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பம். அதில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கார்புரேட்டர் இது. 'ஸ்கின்னர்ஸ் யூனியன்', அதுதான் எஸ்.யூ. முதலில் வந்தவற்றில் உள்ளே தோல் துருத்தி இருந்தது. செருப்புக்கடைப் பையன்களுக்குத் தோலுக்கா பஞ்சம்! பிறகு தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் தானே மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே ஏறி, அந்தக் காற்றுக்கு வேண்டிய பெட்ரோலுக்கு வழிவிடும். சட்டென்று துள்ளாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். வெபரில் ஜெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். எஸ்.யூ. பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

எஸ்.யூ.க்களை மாட்டி, பேன்கேக் ஃபில்டர்களையும் பொருத்தி, முதல்நாள் ஓட்டம். சித்தப்பாவின் நிபந்தனை அது: பார்க்கவாவது அழகாக இருக்க வேண்டும். லெபோ பாசாரில் பூக்கடை, பாத்திரக்கடை, பாட்டுச் சத்தம் எல்லாம் தாண்டி, 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் முன்னால் மெதுவாகப் போனோம். அங்கேயே வண்டி திக்கியது. ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது. ஆர்மீனியன் தெருவில் நெரிசல். கால் மணி நேரம் ஊர்ந்தோம். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் அந்தப் புகழ்பெற்ற சுவர் பக்கத்தில் வந்ததும் அடியோடு நின்றுவிட்டது. ஓவியத்துக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பி எங்களைப் படம் எடுத்தார்கள். சித்தப்பா கையசைத்தார். நான் பானெட்டைத் திறந்தேன்.

இரண்டு கோளாறு. ஒன்று சூடு. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் மேலே, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கீழே. அடுப்பு மேல் பால் வைத்த கதை. இடையில் இருக்க வேண்டிய தகரத் தடுப்பு, வெபர் மாட்டிய காலத்தில் எங்கோ போய்விட்டது. மிதவை அறையில் பெட்ரோல் கொதித்துக்கொண்டிருந்தது. என் மல்டிமீட்டரின் வெப்பக் கம்பியை ஃபில்டர் வாயில் வைத்தேன். ஓடும்போது 40 டிகிரியை ஒட்டி இருந்தது, நின்றதும் 60ஐத் தாண்டியது. காற்று 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். பளபளப்பான திறந்த ஃபில்டர், எஞ்சின் கொதிக்கவைத்த காற்றையே எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கோளாறு பட்டறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. எஸ்.யூ.வின் முகத்தில், காற்று நுழையும் வட்டத்துக்கு அருகே, இரண்டு சிறு துளைகள் உண்டு. பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போய்ச் சேர அவைதான் வழி. அவை அடைபட்டால் பிஸ்டன் ஒழுங்காக ஏறாது. நாங்கள் கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தோம். துளைகள் மூடியிருந்தன. மாட்டியது யார் என்று நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான். திருப்பி மாட்டியதும் திக்கல் போய்விட்டது. எஸ்.யூ. வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஃபில்டரைக் கழற்றி அந்தத் துளைகளைப் பாருங்கள்.

மறுநாள் ஞாயிறு. வெப்பத் தடுப்புத் தகரம் கிடைக்குமா என்று சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் உள்ள லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போனோம். கைக்கடிகாரம், நாணயம், மண்ணெண்ணெய் விளக்கு, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். தகரம் கிடைக்கவில்லை. ஒரு இளையராஜா கேசட்டும் நாசி லெமாக் பொட்டலமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அதற்குள் தவுக்கே ஒரு தகட்டை வெட்டி, வளைத்து, தடுப்பைத் தானே செய்து வைத்திருந்தார்.

சூடு குறைந்தாலும் குளிர்ந்த காற்றுக்கு வழி வேண்டும். முன்பக்க பம்பருக்குக் கீழே வாயை வைத்து, அங்கிருந்து குழாய் இழுத்தால் நல்ல காற்று கிடைக்கும் என்று வரைந்து காட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் 'தா போலே' என்றார்கள். முடியாது என்று அர்த்தம்.

சித்தப்பாதான் விளக்கினார். 2017 நவம்பர் 4. இரவெல்லாம் பெய்த மழையில் பினாங்கு மூழ்கியது. அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் இந்தக் கார். 'தண்ணி ஏற ஏற நான் செங்கல்ல ஜாக் வச்சு வண்டியத் தூக்கிக்கிட்டே இருந்தேன்டா. உன் சித்தி மாடிக்கு வாங்கன்னு கத்துறா.' பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் இந்த ஊர்த் தெருக்களில் சாதாரண நாளிலேயே தண்ணீர் தேங்கும். தாழ்ந்த வாய் ஒரு குட்டையில் தண்ணீரை உறிஞ்சினால் போதும். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தூசிக்குப் பத்து வருடம் ஆகிறது, தண்ணீருக்கு ஒரு நொடி. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வழிமுறையை மனப்பாடம் செய்துகொண்டு வந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைசியில் செய்தது இது. கறுப்பு டப்பாக்களைத் துருநீக்கி, பெயின்ட் அடித்து, புதுக் காகித ஃபில்டர் போட்டு மாட்டினோம். முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில், ஒரு குழாய் தொடங்கி டப்பாக்களின் மூக்குக்கு இரண்டு விரற்கடை முன்னால் முடிகிறது. ஒட்டவில்லை, வேண்டுமென்றே இடைவெளி. ஓடும்போது குளிர்ந்த காற்றை மூக்கருகே கொண்டுவந்து கொட்டும். குழாயில் தண்ணீர் புகுந்தால் அந்த இடைவெளியில் வடிந்துவிடும். இடைவெளி விடச் சொன்னது தவுக்கே. நான் ரப்பர் வளையம் போட்டு இறுக்கத்தான் நினைத்திருந்தேன்.

சோதனை ஓட்டத்துக்குத் தீவையே சுற்றினோம். கூரையை மடித்துவிட்டு, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகக் கடலை ஒட்டி. தெலுக் பஹாங்கில் அணைக்கட்டைத் தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைகிறது. வளைவு மேல் வளைவு, இருபுறமும் பழத்தோட்டம். டுரியான் காலம் அது. திறந்த காரில் அந்த வாசனையிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. தித்தி கெராவாங் பக்கம் சாலையோரக் கடையில் நிறுத்தி ஜாதிக்காய்ச் சாறு குடித்தோம். பினாங்கில் ஜாதிக்காயை ஊறுகாயாகப் போடுகிறார்கள், சாறாகப் பிழிகிறார்கள். நாம் அதன் கொட்டையைப் பிரியாணியில் போடுவதோடு சரி. ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கவில்லை. வெப்பக் கம்பி 35ஐ ஒட்டிக் காட்டியது. பாலிக் புலாவ் சந்தையில் ஆசாம் லக்சா சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், முதல் தடவையிலேயே எஞ்சின் எழுந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சித்தப்பா முகத்தில் உற்சாகம் இல்லை. பாயா தெருபோங் இறக்கத்தில்தான் சொன்னார். 'வண்டி நல்லா ஓடுது. ஆனா பேச மாட்டேங்குது.' உண்மைதான். வெபர் குழல்கள் இழுக்கும்போது ஒரு உறுமல் வரும். டப்பாக்கள் அதை விழுங்கிவிட்டன. தையல் மெஷின் மாதிரி ஓடியது. அந்தச் சத்தத்துக்குப் பதில் என் பெருக்கல் கணக்கில் எதுவும் இல்லை. நானும் பேசாமல் வந்தேன்.

பட்டறையில் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. நான்கும் பால் கலந்த காப்பி நிறம். தவுக்கே அவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்து சித்தப்பா பக்கம் தள்ளினார். சித்தப்பா வெபரையும் குழல்களையும் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். இப்போது அவை சித்தியின் கண்ணாடி அலமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே.

அந்த செப்டம்பரில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை மலேசியாவை மூடியது. பினாங்கிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். புகை அடங்கிய பிறகு சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மூன்று மாதத்துக்கு முன்பு நாங்கள் வெள்ளையாகப் போட்ட காகித ஃபில்டர், அடுப்புக் கரி தடவியது போல இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: 'நீ சொன்னது சரிதான். தீபாவளி அன்னிக்கு மட்டும், மழை இல்லன்னா, குழல மாட்டி ஒரு ரவுண்டு போலாமான்னு தவுக்கே கிட்ட கேட்டிருக்கேன்.'