பெடல் றப்பர்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இனி விலை இறங்கும் என்று ஊரே காத்திருந்தது. வந்த கார்களோ சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, 18 வீத வற் என்று வரிக்கு மேல் வரி சுமந்து வந்தன. வாப்பாவை மாதம் இரு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டியது பழைய அல்டோதான்.

கார் விற்பவர் என்னிடம் படித்தவர். "ஸேர், உங்களுக்கென்டுதான் இந்த விலை" என்றார். தேநீரும் வந்தது. பேரம் பேசப் போனவனின் வாயைக் கட்ட இந்த 'ஸேரை' விட நல்ல கயிறு கிடையாது.

மீற்றர் 41,000 கிலோமீற்றர் காட்டியது. பிரேக் பெடலின் றப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது, ஸ்டியரிங்கும் அப்படியே. பார்த்தெழுதிய விடைத்தாள்களை இருபது வருடமாகத் திருத்துபவனுக்கு இது புதிதா என்ன? சேர்விஸ் புத்தகத்தைக் கேட்டேன். முந்திய சொந்தக்காரர் தொலைத்துவிட்டாராம்.

பேச்சை லீசிங்குக்கு மாற்றினார். மாதத் தவணையையே திரும்பத் திரும்பச் சொன்னார்; 5 வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பது வாயில் வரவில்லை. தவணையை 60 ஆல் பெருக்கி, கடதாசியை அவர் பக்கம் தள்ளினேன். சிரித்தார். கணக்கு நான் படிப்பித்ததுதான்.

"தம்பி, நாளைக்கு எங்கட ஊர் பாஸைக் கூட்டி வாறன். வண்டியைத் தூக்கிப் பார்க்கட்டும்."

"அதுக்கென்ன ஸேர், தாராளமா."

மறுநாள் சுபஹுக்குப் பின் தொலைபேசி எடுத்தார். இரவே யாரோ முற்பணம் கட்டிவிட்டார்களாம்.