சம்பளத்துக்காகத்தான் நர்ஸ் ஆனேன்

சேவை செய்யும் ஆசையில் நான் நர்சிங் படிக்கப் போகவில்லை. புனே பக்கத்துத் தொழிற்பேட்டை ஊரான சாகணில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. கணவருக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. என்றைக்கு நிறுத்துவார்களோ தெரியாது. கையில் ஒரு படிப்பு இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஜி.என்.எம்.மில் சேர்ந்தேன். பொது நர்சிங்கும் பேறுகாலப் பராமரிப்பும் சேர்ந்த மூன்று வருட டிப்ளமோ. பிளஸ் டூ போதும், வயது 35ஐத் தாண்டக் கூடாது. பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருடம்; அவ்வளவு நாள் வீடு தாங்காது. எதைப் படித்தாலும் முடிவில் நர்சிங் கவுன்சிலில் பதிவுபெற்ற நர்ஸ்தான்.

ஏன் இந்தப் படிப்பு என்று அட்மிஷனில் கேட்டார்கள். சாவித்ரிபாய் புலேயைச் சொன்னேன். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது நோயாளிகளைப் பராமரித்து, அந்த நோய் தொற்றியே இறந்தவர். வாய் அவரைச் சொன்னது, மனசு வாடகையைக் கணக்குப் போட்டது. விளக்கேற்றி உறுதிமொழி எடுத்த நாளிலும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அந்தக் கூச்சம் வார்டில்தான் போனது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டியை என் பொறுப்பில் விட்டார்கள். முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இப்படிப் பார்த்துப் பார்த்தே, எந்தப் பக்கம் படுத்தால் அவருக்குத் தூக்கம் வரும், எங்கே தொட்டால் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் தெரிந்தது. பாசம் அதற்குப் பிறகு வந்தது. வேலைதான் அதைக் கூட்டிவந்தது.

இரக்கம் மட்டும் போதாது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. பிரஸ் மெஷினில் விரல் துண்டானால், பதறிப்போய் அதை நேராக ஐஸில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். சலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, அந்தப் பையைத்தான் ஐஸ்மேல் வைக்க வேண்டும். ஒட்டவைக்க வாய்ப்பு மிஞ்சுவது அப்படிச் செய்தால்தான். 'ஐயோ பாவம்' என்று யாரும் சொல்லிவிடலாம். இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்துச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்பதில் கூச்சம் எதற்கு? உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும், 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. 'நீங்கள்லாம் தெய்வம்' என்று கும்பிட்டுவிட்டால் சம்பளப் பேச்சு அமுங்கிப்போகிறது.

"அக்கா, எனக்குச் சேவை மனசெல்லாம் இல்லை. நான் இதுக்கு லாயக்கா?" என்று பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்கள் கேட்பதுண்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டிய பேஷண்டை இரண்டு மணிக்கே திருப்புவாயா என்று கேட்பேன். ஆமாம் என்றால் சேரச் சொல்வேன். வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிடவும் சொல்வேன்.