ஆடிக் காத்தும் அப்பாவோட 22 பல்லும்

திருப்பூரிலிருந்து பல்லடம் ரோட்டில் சாயங்காலம் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? அதுவும் ஆடி மாதத்தில்? போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் யாரோ நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மிதிக்கிறோம், சக்கரம் சுற்றுகிறது, ஆனால் பக்கத்தில் இருக்கிற பனியன் கம்பெனி காம்பவுண்டு சுவர் மட்டும் முடியவே முடியாது.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே மட்டும் பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து, கொங்கு நாட்டை அடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். எங்கள் ஊர் நூற்பாலைகள் பலவும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கின்றன. ஆலைக்கு அது கரன்ட். சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு அது வேறு கதை.

அந்த சைக்கிள்காரர்களில் என் அப்பாவும் ஒருவர். தென்னம்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வீடு அருள்புரம் தாண்டி உள்ளே. காலையில் பிரச்னை இல்லை. காற்று முதுகில் தள்ளும், வழியும் நொய்யல் பக்கமாக மெல்ல இறங்கும். ஒரு ஷிஃப்ட் முடித்து அஞ்சரைக்குக் கிளம்பும்போதுதான் மேடும் காற்றும் சேர்ந்து எதிரே வரும். ஒன்றரை ஷிஃப்ட் இருந்தால் ராத்திரி எட்டு மணிக்குமேல் ஆகிவிடும். பாதி வழியில் ஒரு பேக்கரி. அதற்கு முன்னால் இருக்கிற மேட்டில் அப்பா இறங்கிவிடுவார். வண்டியைத் தள்ளிக்கொண்டு பேக்கரி வரை வந்து, ஒரு டீ குடித்து, முழங்காலை நீவிவிட்டு மறுபடி ஏறுவார்.

முன்பு வீட்டில் ஒரு மொபெட் இருந்தது. என் ஜர்னலிசம் டிப்ளமோ ஃபீஸ் கட்டிய வருஷம் அது போய்விட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. "சைக்கிள் ஒடம்புக்கு நல்லதாமா கண்ணு" என்பதோடு சரி. போன மாதம் முட்டி வலிக்காக டாக்டரிடம் போனபோது, "ரொம்ப அழுத்தி மிதிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அழுத்தாமல் எப்படி மிதிப்பது என்று டாக்டரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

கியர் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார். அந்தக் கம்பியும் வயரும் தனக்கு ஆகாதாம். டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் டியூட்டி பார்க்கிற என் சம்பளம் அவருக்குத் தெரியும் என்பதுதான் நிஜக் காரணமாக இருக்கும்.

அப்புறம்தான் யோசித்தேன். கியர் இல்லாத சைக்கிளில் கியரே இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஒரே ஒரு கியர் இருக்கிறது. அந்த ஒன்றை மாற்றலாம் இல்லையா?

சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுவிட்டு எண்ணினேன். முன்னால் இருக்கிற செயின் வீலில் 44 பல். பின்னால் ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். ஆக, ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர். சமதரையில் அருமை. எதிர்க்காற்றில் முழங்காலுக்குக் கேடு.

ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால்? பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக இரண்டு சுற்று, சுமார் நாலரை மீட்டர். மிதிக்கிற அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சும்மா கிடைக்காது. நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் வந்த இடத்தில் இனி 16 தான் வரும்.

அப்பாவிடம் இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "இது பவர் மெஷின் புல்லி கணக்குத்தானே?" என்றார். மோட்டாரில் மாட்டுகிற புல்லியைச் சின்னதாகப் போட்டால் தையல் மெஷின் மெதுவாக ஓடும், கனத்த துணியையும் திணறாமல் தைக்கும். முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயத்தை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி விளக்கியிருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டி பிரிவு பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். "22 பல்லு ஃப்ரீவீல் இருக்குங்ளாண்ணா?" என்றதும் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "அது லோடு வண்டிக்குப் போடறதுங்க அம்மணி. ஆருக்கு?"

"அப்பாவுக்குங்க. ஆடிக் காத்துக்கு."

சிரித்துக்கொண்டே பழைய டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்தார்.

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு மிதிக்கும் அது இறுகிக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் மிதித்தது எவ்வளவு இறுகியிருக்கும் பாருங்கள். கடைக்காரர் கழற்றும் சாவியை வைஸில் கடித்து நிறுத்தி, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, லாரி ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் இடப்பக்கம் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் ஒரு சத்தம். நான் சக்கரம்தான் போச்சு என்று நினைத்தேன். மரைதான் விட்டிருக்கிறது.

புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவினார், அடுத்த தடவை கழற்றுகிறவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று. பல் நாலு கூடியதால் பழைய செயின் எட்டவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் எட்டும், ஆனால் பிரேக் கட்டை உட்காருகிற இடம் மாறும். அதோடு செயினும் தேய்ந்திருந்தது. தேய்ந்த செயின் புதுப் பல்லில் நழுவும் என்பதால் அதையும் மாற்றினோம். இதெல்லாம் முடிந்ததும், நான் கேட்காமலே சீட்டை ஒரு இஞ்ச் உயர்த்தினார். "சீட்டு தாழ்ந்திருந்தா முட்டி ரொம்ப மடங்கும்ங்க. பாதி வலி அதுலதான்." இது என் இரண்டு பக்கக் கணக்கில் இல்லவே இல்லை.

வண்டியை ஏற்றிக் காட்டியபோது ஒரு தகவலையும் எடுத்துவிட்டேன். 1937 வரை டூர் டி பிரான்ஸ் ரேஸிலேயே இன்றைய மாதிரி கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கம் இருக்கிற பெரிய பல்லில் ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் மறுபடி திருப்புவார்கள். "நம்மூர்ல அப்படி இறங்கி மாட்டிட்டு இருந்தா பின்னால பஸ்ஸு ஏத்திருவான்" என்றார் அவர். நியாயம்தான்.

திங்கட்கிழமை காலை அப்பாவிடமிருந்து போன். வாழ்த்து என்று நினைத்தால், புகார். "காத்து பின்னால தள்ளுது, கால் சும்மா சுத்துது கண்ணு. வண்டி ஓட மாட்டேங்குது." காலையில் அஞ்சு நிமிஷம் லேட்டாம். இனி அஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பழைய ஃப்ரீவீலைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் தங்கையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நின்றேன். அது ஸ்கூலில் அரசு கொடுத்த இலவச சைக்கிள். அதை மாற்றவில்லை. அஞ்சரைக்கு அப்பா வெளியே வந்தார். இரண்டு பேரும் கிளம்பினோம். சாயத் துணி ஏற்றிய டெம்போக்கள், கம்பெனி பஸ்கள், இவற்றுக்கு நடுவே ஓரமாக ஒரு வெள்ளைக் கோட்டை ஒட்டி எங்கள் பயணம். அருள்புரம் நெருங்க நெருங்கக் காற்று ஏறியது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மண் பல்லில் கடிபட்டது.

மேடு வந்தது. எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து நின்று மிதித்தும் பாதியில் முடியாமல் இறங்கிவிட்டேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் அப்பா முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். வேகம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் நடந்தால் பிடித்துவிடலாம் போலத்தான். ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடி, கால் மட்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பேக்கரியில் வழக்கம்போல அவரைத் தூரத்தில் பார்த்ததும் டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நிற்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுத் தாண்டிப் போனார்.

"ஏனுங், டீ போட்டாச்சுங்!" என்று கடைக்காரர் கூப்பிட்டார்.

"பின்னால என்ற புள்ள தள்ளிட்டு வருது. அதுக்குக் குடுங்க!"