தடிக்குள் வாள்

பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு 'ஸடோயிச்சி' படத்தை விவரித்துக்கொண்டே பார்த்தேன். தகேஷி கிட்டானோ 2003இல் எடுத்தது. 1962இல் ஷின்டாரோ கட்சு நடிக்கத் தொடங்கி 26 படங்களாக நீண்ட கதை அது. பார்வையற்ற மசாஜ்காரன், சூதாடி; கைத்தடிக்குள் வாள். சண்டைக் காட்சியை நான் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்: "ராத்திரியில தனியாவா நடந்து போறான், அம்மா?"

அதற்குப் பிறகு வாள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

'ஸடோ' என்பது ஜப்பானில் முன்பு இருந்த பார்வையற்ற ஆண்களின் சங்கத்தில் ஒரு படிநிலை. அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. அவர்கள் 'கோஸே' எனும் பாடகிகளாக ஷாமிசென் மீட்டி, முன்னே செல்பவளின் முதுகுச்சுமையில் கைவைத்து, வரிசையாக ஊரூராக நடந்தார்கள். ஆணோடு உறவு என்றால் குழுவைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

2008இல் வந்த 'இச்சி' அந்த நாயகனைப் பெண்ணாக்கியது. அவள் ஒரு கோஸே. வல்லுறவுக்கு ஆளானதால் விலக்கப்பட்டவள். அவளுடைய தடிக்குள்ளும் வாள் இருக்கிறது. ஆனால் அவன் அலைவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் தனியே நடக்க முதலில் 'கெட்டுப்போனவள்' ஆகவேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னபோது மாணவி சிரித்தாள். விடுதியிலிருந்து வகுப்பறைக்கு முந்நூறு அடிதான். துணைக்குத் தோழி வராத நாளில் அவளை வாசல் தாண்ட விடுவதில்லை. 'பாதுகாப்புக்காக' என்ற அந்த விதியில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி.