பதினெட்டு வயதுக்காரி

கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த மறு வருஷம். அதற்கு முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் டி.வி. என்றால் இலங்கை ரூபவாஹினிதான். ஒருத்தர் மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "போதும், போதும், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று இன்னொருத்தர் கத்த, அப்படி வந்த படம். 1988 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக்ஸ் தொடங்கியபோது எங்கள் தெருவில் இரண்டே வீட்டில் டி.வி. இருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தது பெரியம்மா வீட்டில். இழுத்துச் சாத்தும் கதவு வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு கறுப்பு வெள்ளை சாலிடேர்.

எல்லோரும் காத்திருந்தது ஓட்டக்காரி பி.டி. உஷாவுக்காக. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் போன வெண்கலத்தைப் பற்றி நாலு வருஷமாக ஊரே பேசியிருந்தது. உஷா வரும்வரை தூர்தர்ஷன் எதைக் காட்டினாலும் பார்ப்பது என்று முடிவு. அப்படித்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் எங்கள் கூடத்துக்குள் வந்தது. உஷா முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்த வருத்தத்தில் பெரியப்பா டி.வி.யை அணைத்துவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஒலிம்பிக்ஸில் என் கண்ணில் நின்றவள் வேறொருத்தி.

திரையின் கீழே பெயர் வந்தது. தானியேலா சிலிவாஷ், ருமேனியா. குட்டைப் பெண். பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் அவர் நெஞ்சு மட்டுக்கு வருவாள் போலிருந்தது. ஆச்சி சுவரில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். "எத்தன வயசாம் இந்தப் பிள்ளைக்கு?" என்றாள். அண்ணன் ஆங்கில வர்ணனையைக் கவனித்து, "பதினெட்டு, ஆச்சி" என்றான்.

உலக்கை நின்றது. "பதினெட்டா? எனக்குப் பதினெட்டுல இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. இந்த மூஞ்சிக்குப் பதினாறுக்கு மேல ஒரு நாள் கூடச் சொல்ல மாட்டேன். எவனோ கூட்டி எழுதிக் குடுத்திருக்கான்."

ஆச்சி எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பேறுகாலம் பார்த்தவள். பிள்ளைகளின் வயதை எலும்பைப் பார்த்துச் சொல்வாள். அப்போது நாங்கள் சிரித்தோம். ஒலிம்பிக்ஸில் போய் யாராவது வயதைக் கூட்டி எழுதுவார்களா?

எங்கள் ஊரில் கூட்டி எழுதுவது அப்போது சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. எனக்கு விரல் நுனி எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி அப்பா கண்ணைக் காட்டினார். எட்டியது. வாத்தியார் ஒரு தேதி எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள், அதிலும் பலர் முதல் தேதி. அந்தத் தேதியில்தான் இன்றும் என் ஆதார் அட்டை இருக்கிறது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் ஒரு வருஷம் முன்னாலேயே பள்ளிக்கூடம். அவ்வளவுதான் காரணம். ருமேனியாவில் காரணம் பெரியது.

தேவா என்பது டிரான்சில்வேனியாவில் மூரெஷ் ஆற்றங்கரை ஊர். நடுவில் ஒரு எரிமலைக் குன்று, அதன் தலையில் பழைய கோட்டை. ருமேனியாவின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி அங்கேதான் பயின்றது. மற்றப் பெண்கள் வீட்டைப் பிரிந்து வந்து விடுதியில் தங்குவார்கள். சிலிவாஷ் பிறந்ததே அந்த ஊரில். ஆறு வயதில் தொடங்கினாள். நாதியா கொமனேச்சி 1976இல் மான்ட்ரியாலில் ஏழு முறை பத்துக்குப் பத்து வாங்கிய பிறகு, ருமேனியாவுக்கு இந்த விளையாட்டு அரசாங்கக் கௌரவம் ஆகிவிட்டது. நாதியாவின் பயிற்சியாளர் பெலா கரோயி 1981இல் மனைவியோடு அமெரிக்காவில் தங்கிவிட்டார். போனவரின் இடத்தில் வேறு பயிற்சியாளர்கள் வந்தார்கள், பதக்கம் நிற்கவில்லை.

அதே வருஷங்களில் அந்த நாட்டு ஜனங்கள் பட்ட பாட்டைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவேன் என்று அதிபர் சௌசெஸ்கு விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தார். ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் ரேஷன், குளிர்காலத்தில் சூடேற்றக் கட்டுப்பாடு, மின்வெட்டு. டி.வி. வாரநாளில் இரண்டே மணி நேரம், அதிலும் பெரும்பகுதி அவர் புராணம். கொடைக்கானல் கோபுரத்தைக் கும்பிட்டுக்கொண்டு நாங்கள் பார்த்த அளவுக்குக்கூட தேவாக்காரர்கள் டி.வி. பார்த்திருக்க மாட்டார்கள்.

1981 முதல் சர்வதேசப் போட்டியில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 15 என்று அப்போது விதி இருந்தது. 1985இல் மான்ட்ரியாலில் உலகச் சாம்பியன் போட்டி. சிலிவாஷ் 1972 மே 9 அன்று பிறந்தவள், அப்போது வயது 13. அவள் கையில் ஒரு புது பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். அதில் பிறந்த வருஷம் 1970. இனி உனக்கு வயது 15 என்றும் சொல்லிவைத்தார்கள். அவளாகவே 2002இல் வெளியே சொன்ன விஷயம் இது. பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன பதில் பேசியிருக்கும்? மான்ட்ரியாலில் பீம் என்ற குறுகிய கட்டை மேல் செய்யும் போட்டியில் தங்கம் வாங்கி வந்தாள்.

அந்த பீம் பத்து சென்டிமீட்டர் அகலம். ஆச்சி வீட்டுக் கிணற்றுச் சுவர் அதைவிட அகலம், அதில் நடக்கவே எங்களுக்குத் தடை. சியோலில் அவள் அதன்மேல் பின்னால் வளைந்து, கையூன்றி, கால் வந்து விழும் இடத்தைப் பார்க்காமலேயே விழுந்து நின்றாள். பெரியம்மா "அய்யோ, அய்யோ" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தரைப் பயிற்சியில் அவள் பெயரிலேயே ஒரு வித்தை இருக்கிறது: காற்றில் உடலைச் சுருட்டி இரண்டு குட்டிக்கரணம், அதற்குள்ளேயே இரண்டு முறுக்கு. 1980களில் பெண்களில் அப்படி ஒன்றைச் செய்தவர்கள் அபூர்வம். அது முடிந்து நின்றபோது எங்கள் கூடத்தில் ஒருத்தருக்கும் என்ன நடந்தது என்று பிடிபடவில்லை. மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள். அப்போதும் அண்ணன் விரலால் காற்றில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டியில் அவளுக்கும் சோவியத் யூனியனின் யெலேனா ஷுஷுனோவாவுக்கும் போட்டி. ஷுஷுனோவா கடைசியாக வால்ட்டில், அதாவது ஓடிவந்து தாவும் போட்டியில், ஓடிவந்தாள். பத்துக்குப் பத்து வந்தால்தான் தங்கம். வந்தது. 79.662க்கு 79.637. வித்தியாசம் 0.025. எனக்கு அன்றைக்கு ஆத்திரம். ஷுஷுனோவா மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த வால்ட் அப்படி. நடுவர்கள் நாட்டுக் கூட்டணி பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் பேசுவார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் இதில் இரண்டு பேருமே ஒரே கம்யூனிஸ்ட் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை தனித்தனி உபகரண இறுதிகள். அன்று சிலிவாஷ் மூன்று தங்கம் வாங்கினாள்: பார் என்ற கம்பி, பீம், தரை. வால்ட்டில் வெண்கலம். அணிக்கு வெள்ளி, ஒட்டுமொத்தத்தில் வெள்ளி ஏற்கனவே கையில். கலந்துகொண்ட ஆறிலும் பதக்கம். பாரில் இருபதுக்கு இருபது. பத்துக்குப் பத்து மட்டும் அந்த ஒலிம்பிக்ஸில் ஏழு முறை, நாதியா மான்ட்ரியாலில் வாங்கிய அதே எண்ணிக்கை. நாதியா பெயர் இன்றும் பொது அறிவுப் புத்தகத்தில் கேள்வியாக வருகிறது. சிலிவாஷ் பெயர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. முதலில் செய்தவர்களைத்தான் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடிக்கும்.

எனக்குப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சியோலில் அவளுக்கு உண்மையிலேயே 16 வயது. விதிப்படி 15 போதும். பொய் சொல்லவே தேவையில்லாத இடத்தில் அந்தப் பிள்ளை பதினெட்டு வயதுக்காரியாக நின்றாள். மான்ட்ரியாலுக்கு எழுதிய தேதியைத் திருத்தினால் மான்ட்ரியால் தங்கம் கேள்விக்குள்ளாகும், அதனால் போகிற ஊருக்கெல்லாம் அதே பாஸ்போர்ட். என் ஜூன் தேதிக்கும் அதே கதிதான். ஒரு தரம் ஏறிய தேதியை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டும்.

1989இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் மறுபடி மூன்று தங்கம். அந்த டிசம்பரில் ருமேனியாவில் புரட்சி. கிறிஸ்துமஸ் அன்று சௌசெஸ்குவைச் சுட்டுக் கொன்றார்கள். தேவா மையம் கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. அவளுக்கோ முழங்காலில் காயம். திரும்பப் போட்டிக்கு வரவில்லை. 1991இல் அமெரிக்கா போய், அட்லாண்டா பக்கம் குடியேறி, கல்யாணம் செய்து, பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறாள்.

2002 செய்தியை ஒரு விளையாட்டுப் பத்தியில் படித்தபோது ஆச்சி இல்லை. இருந்திருந்தால், "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று ஒரு வாரத்துக்குத் தெருவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். 1985இன் பீம் தங்கம் இன்றும் சிலிவாஷ் பெயரில்தான் இருக்கிறது. சிட்னி ஒலிம்பிக்ஸில் ஒரு சீனப் பெண்ணுக்கு வயது போதவில்லை என்று தெரிந்து, 2010இல் சீன அணியின் வெண்கலத்தைப் பிடுங்கி அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். ருமேனியாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. இது ஓரவஞ்சனை என்று சீனர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சிலிவாஷின் பதக்கத்தைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பிடுங்குவதென்றால் அந்த பாஸ்போர்ட்டில் தேதி எழுதிய ஆபீசரிடமிருந்து எதையாவது பிடுங்கட்டும். பதின்மூன்று வயதில் அந்தப் பத்து சென்டிமீட்டர் கட்டை மேல் ஏறி நின்றது அவள் ஒருத்திதான்.