பன்னிரண்டாவது எபிசோட் வரை பொறு

திங்கள்

2011 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘ஸ்டைன்ஸ் கேட்’ அனிமே தொடர் தொடங்கியது. அதன் முதல் எபிசோடைப் பற்றிய முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று குறைகளையே சொல்கிறார்கள்: ஒன்றும் புரியவில்லை, கதாநாயகன் எரிச்சலூட்டுகிறான், எதுவும் நடக்கவே இல்லை. ரசிகர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: பன்னிரண்டாவது எபிசோட் வரை பொறுத்துக்கொள், அப்புறம் நீயே விடமாட்டாய். வாரம் ஒன்றாக ஒளிபரப்பான அன்றைக்கு அது கிட்டத்தட்ட மூன்று மாதக் காத்திருப்பு. என் கணக்கில், குறை சொல்கிறவர்களைவிட இந்தப் பதில்தான் தொடருக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. வழக்கு தொடங்கும் முன்பே வக்கீல் குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி, முதல் பதினொன்றும் வெறும் சுமைதான் என்று ஒத்துக்கொண்டு விடுகிறார்கள். உண்மை அப்படியில்லை.

‘எதுவும் நடக்கவில்லை’ என்பதை மட்டும் முதலில் எடுத்துப் பார்க்கலாம். ஒகாபே ரிந்தாரோ, அகிஹாபராவின் ரேடியோ கைகான் கட்டடத்துக்குத் தோழி மயூரியோடு வருகிறான். காலயந்திரம் பற்றி டாக்டர் நகபாச்சி நடத்தும் கூட்டத்தில் எழுந்து, இது திருட்டுச் சரக்கு என்று கத்துகிறான். முன்பின் தெரியாத மகிசே குரிசு அவனை வெளியே இழுத்து, சற்று முன் என்னிடம் எதைச் சொல்ல வந்தாய் என்று கேட்கிறாள். பிறகு ஓர் அலறல். போய்ப் பார்த்தால் அவள் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள். தெருவுக்கு ஓடிவந்து நண்பன் தாருவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறான். அனுப்பிய கணமே கூட்டம் நிறைந்த சாலை காலியாகிறது, கட்டடத்தின் மேல் மாடியில் செயற்கைக்கோள் போன்ற ஒன்று செருகி நிற்கிறது. அந்தக் கூட்டமே நடக்கவில்லை, ரத்தாகிவிட்டது என்கிறான் தாரு. கடைசியில் செத்துக் கிடந்தவள் உயிரோடு எதிரே நிற்கிறாள். இத்தனையும் அரை மணிக்குள். பல தொடர்கள் ஒரு சீசன் முழுக்கச் செலவழிக்கும் சம்பவங்கள் இங்கே ஒரே எபிசோடில் இருக்கின்றன. இல்லாதது காரணம் மட்டும்தான். காரணம் தெரியாத நிகழ்ச்சிகளை மனம் நிகழ்ச்சிகளாகவே கணக்கில் சேர்ப்பதில்லை என்பதைத்தான் அந்தக் குறை காட்டுகிறது.

செவ்வாய்

(தொடரைப் பார்க்காதவர்கள் இன்றைய பக்கத்தைத் தாண்டிவிடலாம். சொல்லாமல் வாதிட வழியில்லை.)

அந்த அலறல் ஒகாபேயின் சொந்தக் குரல். இருபத்து மூன்றாவது எபிசோடில், குரிசுவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி வந்தவன், கைதவறி அவளையே குத்திவிட்டு அலறுகிறான். முதல் எபிசோடில் இளைய ஒகாபே காதில் விழுந்தது அதுதான். குரிசுவின் விளங்காத கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது: அவள் சற்று முன் சந்தித்தது எதிர்காலத்திலிருந்து வந்த ஒகாபேயை. முதல் எபிசோடில் காசு போட்டுத் திருகும் பொம்மை இயந்திரத்திலிருந்து மயூரிக்குக் கிடைத்து, உடனே தொலைந்தும் போகும் ‘மெட்டல் ஊபா’ என்ற உலோகப் பொம்மையைப் பலரும் மறந்தே போயிருப்பார்கள். அதைக் கண்டெடுத்த குரிசு, காலயந்திரம் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையின் உறைக்குள் போட்டுவைக்கிறாள். கட்டுரையைப் பறித்துக்கொண்டு நகபாச்சி விமானம் ஏறியபோது, உலோகம் இருந்ததால் அந்த உறை சரக்கறைக்குப் போகவில்லை. சரக்கறை எரிந்தபோதும் கட்டுரை தப்பியது. தப்பியதால் மூன்றாம் உலகப் போர். ஒரு சில்லறைப் பொம்மை இவ்வளவையும் தாங்குகிறது.

இரண்டாம் முறை பார்ப்பவனுக்கு இதெல்லாம் விருந்து, முதல் முறை பார்ப்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறுபார்வையில் மட்டுமே நன்றாக இருக்கும் கதை பாதிக் கதை. ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு இந்த எபிசோட் வேறொன்றைத் தருகிறது. உலகம் மாறிவிட்டது என்பது ஒகாபேக்கு மட்டுமே தெரியும். தாருவுக்கும் மயூரிக்கும் வேறு நினைவு. அவன் பார்த்ததைப் பார்த்த இன்னொரு சாட்சி திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நாம்தான். நமக்குப் புரியாமல் இருப்பதும் அவனுக்குப் புரியாமல் இருப்பதும் ஒரே விஷயம். யாராவது ஒரு விஞ்ஞானி குறுக்கே வந்து ‘உலகக் கோடுகள்’ என்ற மாற்று வரலாறுகளை அங்கேயே விளக்கியிருந்தால் அந்தக் கூட்டு முறிந்திருக்கும்.

வியாழன்

இரண்டாவது எபிசோடிலிருந்து பதினொன்று வரை இழுக்கிறது என்ற புகார் இதைவிடக் கனமானது. அந்த வாரங்களில் நண்பர்கள் மைக்ரோவேவ் அடுப்பும் கைபேசியும் சேர்ந்த ஒரு கருவியைக் கண்டுபிடித்து, கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்பி விளையாடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை. ஃபெய்ரிஸ் அனுப்பும் செய்தியால் இறந்துபோன அவள் அப்பா உயிரோடு இருக்கிறார். பன்னிரண்டாவதில் மயூரி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவளை மீட்க ஒகாபே இந்த ஆசைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஃபெய்ரிஸிடம் உன் அப்பாவை மறுபடி சாகவிடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சி குத்துவதற்குக் காரணம், அந்த ஆசையை நாம் ஆற அமர உட்கார்ந்து பார்த்ததுதான். வேகமாக ஓட்டியிருந்தால் பிடுங்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பன்னிரண்டாவதைக் கதையின் தொடக்கமாக நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நாயகனின் அலட்டலும் இதே வகை. ‘ஹோஓயின் கியோமா’ என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாருமே இல்லாத கைபேசியில் ரகசியம் பேசி, மியானோ மமோருவின் குரலில் பேய்ச் சிரிப்புச் சிரிக்கிறான். எரிச்சல் வருவது சரியே, வரத்தான் வேண்டும். பாட்டியை இழந்து உள்ளுக்குள் சுருங்கிப்போன மயூரியைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த வேஷம் பிறந்தது என்பது பிறகு தெரிகிறது. பிற்பாதியில் அவன் அந்தச் சிரிப்பை மறந்துபோகும்போது, அதே பார்வையாளர்களே அதைத் தேடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி நியாயம் கற்பிக்க முடியாது. தாருவின் ஆபாசப் பேச்சும், நண்பர் குழுவில் இன்னொருவரான ருகாவின் பாலினத்தை வைத்துத் திரும்பத் திரும்ப வரும் கேலியும் கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. பிற்பாதியில் ருகாவுக்கு ஓர் எபிசோடையே ஒதுக்கியும் அந்தக் கேலி ஈடாகவில்லை. இங்கே முகம் சுளித்து எழுந்து போனவரிடம் ‘பொறு’ என்று சொல்ல ரசிகர்களுக்கு உரிமை இல்லை.

சனி

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. பாதியில் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பேசுவதில்லை. கடைசி வரை இருந்தவர்கள் மட்டும் கூடி, தொடக்கம் அருமை என்று தீர்ப்பெழுதுகிறார்கள். ஆகவே போகப் போகிறவர்களின் குரலும் கலந்திருப்பது தொடக்கக்கால எதிர்வினைகளில் மட்டும்தான், அவற்றைத் தள்ளிவிடக் கூடாது. இதை முழுக்க ஏற்கிறேன். ஒரு காலத்தில் அந்தக் குரல் தொடர்களையே வெட்டியது: 1979-இல் வந்த ‘மொபைல் சூட் குண்டம்’ போதிய பார்வையாளர் இல்லாததால் 52 எபிசோடுகளுக்குப் பதில் 43-இல் முடிக்கப்பட்டது. குரலைக் கேட்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை, அது எதைச் சொல்கிறது என்பதில்தான் தகராறு.

அதை எடைபோட 2015 டிசம்பர் உதவுகிறது. அப்போது நடந்த மறு ஒளிபரப்பில், முன்னறிவிப்பு இல்லாமல் இருபத்து மூன்றாவது எபிசோடை மாற்றி ஒளிபரப்பினார்கள். ஒகாபே தோற்றுப்போய் அப்படியே நின்றுவிடுகிறான். அதே மாதம் வெளியான ‘ஸ்டைன்ஸ் கேட் ஜீரோ’ விளையாட்டின் கதைக்கு அதுவே வாசல். கதை மொத்தமும் அத்துப்படி என்று இருந்தவர்களுக்கு முதல் எபிசோடின் குழப்பம் திரும்ப வந்தது, இம்முறை கொண்டாடினார்கள். குழப்பம் அதேதான், வரவேற்புதான் வேறு. அப்படியானால் 2011-இல் ‘புரியவில்லை’ என்றவர்கள் சொன்னது, இது எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை என்பதுதான். இயக்குநர்களில் ஒருவரான ஹமாசாகி ஹிரோஷி, 2003-இல் ‘டெக்ஸ்னோலைஸ்’ தொடரைக் கிட்டத்தட்டப் பேச்சே இல்லாத எபிசோடோடு தொடங்கியவர். அந்த நம்பிக்கையை முன்கூட்டியே கேட்டுப் பழகியவர். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் பார்ப்பவர் இஷ்டம். கொடுக்கலாமா என்று தயங்குகிறவருக்குக் காட்ட வேண்டியது மூன்று மாதம் தள்ளியிருக்கும் ஒரு மரணத்தையல்ல. முதல் எபிசோடின் முடிவிலேயே, செத்தவள் நடந்து வந்து எதிரே நிற்பதை.