சுமையில்லாத வள்ளம்

ஆலப்புழை ஹவுஸ்போட்டுகள் இரவில் ஓடுவதில்லை. ஓர் இரவுப் பயணம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாமும் அப்படி நினைத்துத்தான் வாங்குகிறோம். ஆனால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகைக் கரையோரம் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும் என்பது விதி. அதன் பிறகு காயல் மீன் பிடிக்கிறவர்களுடையது. அவர்கள் வலை போடும் நேரம். படகின் விசிறியில் சிக்கினால் வலை கந்தலாகிவிடும். ஆக, பகலில் ஐந்தாறு மணி நேரம் நீரில் சுற்றிவிட்டு, இரவு முழுவதும் தென்னைமரத்தில் கட்டிய ஓர் அறையில் தூங்கி எழுந்து, காலை ஒன்பது மணிக்கு இறங்கிக்கொள்வதன் பெயர் இரவுப் பயணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. விலைக்குக் கிடைக்காத ஒரு பொழுது அந்த நீரில் இன்னும் மிச்சமிருக்கிறது.

வங்கி ஊழியர்களுக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. பொங்கலை ஒட்டி அதை எடுத்துக்கொண்டு அம்மாவும் மனைவியும் நானும் மாரண்டஹள்ளியிலிருந்து சேலம் போய், அங்கே ராத்திரி ரயில் பிடித்து ஆலப்புழை போய்ச் சேர்ந்தோம். ரயில் கட்டணத்துக்குத்தான் சலுகை; படகுக்குக் கைக்காசு. அம்மா இதற்கு முன் பார்த்த பெரிய நீர்ப்பரப்புகள் இரண்டு: பஞ்சப்பள்ளி அணை, ஒகேனக்கல். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏற மறுத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டவள். இந்தப் படகில் குளியலறை இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

இந்தப் படகுகளின் பழைய பெயர் கெட்டுவள்ளம். மலையாளத்துக் 'கெட்டு' நம் 'கட்டு'தான். ஆஞ்சிலிப் பலகைகளைத் துளையிட்டு, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைத்து, இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. குட்டநாட்டு நெல்லும் கொப்பரையும் கயிறும் இவற்றில்தான் கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போயின. பெரிய வள்ளம் முப்பது டன் வரை தாங்கும். சாலைகளும் பாலங்களும் வந்தன. சுமை லாரிக்குப் போயிற்று. வள்ளங்கள் கரையில் கிடந்து உளுத்தன. 1990களின் தொடக்கத்தில் யாரோ ஒருவருக்கு அதன்மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை போட்டு, கட்டிலும் நாற்காலியும் வைக்கலாமென்று தோன்றியது. நெல்மூட்டை இருந்த இடத்துக்கு நாற்காலி வந்தது. இன்று ஓடுகிறவற்றில் பல ஒரு மூட்டையைக்கூடச் சுமந்ததில்லை, விருந்தினருக்காகவே கட்டப்பட்டவை. ஆனால் அந்த உருவத்தை விடவில்லை. சுமைக்காக வளைந்த வயிறு சுமை போன பிறகு அழகாகிவிட்டது.

அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். இளநீர் கொடுத்தார்கள். புன்னமடையிலிருந்து கிளம்பிய படகு நடை வேகத்தில் போனது. இருபுறமும் தென்னைகள், அவற்றின் நிழல், நீர்க்காகம், ஒரு படித்துறையில் துணி துவைக்கிற பெண். எல்லாம் பார்வைக்காகவே வரிசையாக நிறுத்தி வைத்தாற்போல வந்து, நின்று, விலகிப் போயின. வேகம் குறைவாக இருந்தால் எதுவும் படமாகிவிடுகிறது. ரயில் ஜன்னலில் இது நடப்பதில்லை. அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

அம்மாதான் கெடுத்தாள். கரைக்கு அப்பால் பச்சையாக விரிந்திருந்த நெல்வயலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங் கண்ணு, தண்ணி மேல நிக்குது, நெலம் பள்ளத்துல இருக்குது. இதுக்கு எப்படி எறைக்கிறாங்க?" என்றாள்.

படகோட்டுகிறவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியும். "உள்ளே எறைக்கறதில்லம்மா. வெளியே எறைக்கறது" என்றார்.

அம்மாவுக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று. அவள் பிறந்த ஊரில் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தவர்கள் அவள் தகப்பனார் வீட்டார். மாடுகள் பள்ளத்தில் இறங்க இறங்கப் பறி மேலே வரும். நீர் என்றால் கீழே இருப்பது, தூக்கி மேலே கொண்டுவர வேண்டியது. நீரை வயலிலிருந்து தூக்கி வெளியே கொட்டி விவசாயம் செய்கிற ஒரு நாடு இருக்குமென்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. "கரை ஒடைஞ்சா?" என்று கேட்டாள். "ஒடைஞ்சா போச்சு" என்றார் ஸ்ராங்கு. அதன் பிறகு அவள் தென்னைகளைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குட்டநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சில இடங்களில் ஓர் ஆளுயரத்துக்கும் அதிகமான ஆழத்தில். காயலுக்குள்ளேயே தென்னை மரங்களை அடித்து இறக்கி, மூங்கில் தட்டிகளைக் கட்டி, இடையில் மணலும் தழையும் போட்டு, காயலடியில் முங்கி எடுத்த களிமண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். பிறகு உள்ளே நின்ற நீரைக் காலால் மிதிக்கும் சக்கரங்களால் வெளியேற்றினார்கள். பின்னால் என்ஜின் வந்தது, மின்சாரம் வந்தது. 1940களில், யுத்தகால அரிசிப் பஞ்சத்தில், முரிக்கன் என்ற நிலக்கிழார் இப்படி எடுத்த மூன்று பெரும் பரப்புகளுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தை ஒட்டிச் சித்திரை, ராணி, மார்த்தாண்டம் என்று பெயர் வைத்தார். 1970களில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. முங்கி மண் எடுத்தவர்களில் பெரும்பாலோர் புலையர். அவர்கள் பெயரில் காயல் எதுவும் இல்லை. தகழி 1948ல் எழுதிய நாவலுக்கு 'ரண்டிடங்ஙழி' என்று பெயர் வைத்தபோது, வியர்வை கண்ணீர் என்றெல்லாம் போகாமல் அளவையைப் பெயராக்கினார்: இரண்டு இடங்கழி. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு மூலம் நாம் அறிந்த செம்மீனின் தகழி கடற்கரைக்காரர். இந்த வயல்களின் தகழி அவரைவிடக் கடினமானவர் என்பது என் அபிப்பிராயம்.

ஆக நான் நாற்காலியில் சாய்ந்து இயற்கை என்று பார்த்துக்கொண்டிருந்தது இயற்கை இல்லை. அந்தப் பச்சை, அந்தக் கரை, கரைமேல் வரிசை பிடித்த தென்னை, எல்லாமே ஆட்கள் செய்து வைத்தவை. இன்றும் தினமும் செய்துகொண்டிருப்பவை. பம்பு நின்றால் சில நாளில் காயல் திரும்பி வந்துவிடும். உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் 1976லிருந்து ஒரு தடுப்பணை. ஷட்டரை இறக்கினால் நெல்லுக்கு நல்லது. உப்போடு ஏறிவரும் மீனுக்கும் இறாலுக்கும் வழியடைபடுகிறது. உப்புப் பட்டால் சாகிற ஆகாயத்தாமரை செழிக்கிறது. விவசாயி மூடு என்கிறான், மீன்காரன் திற என்கிறான். மருதத்துக்கும் நெய்தலுக்கும் நடுவில் ஒரு ஷட்டர்.

திணையைப் பற்றி நாம் பேசுகிற விதத்தில் ஒரு கோளாறு இருப்பதாக எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஏ.கே. ராமானுஜனின் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967ல் வந்ததிலிருந்து ஆங்கில இலக்கியம் படித்த எங்களைப் போன்றவர்களுக்குத் திணை என்றால் அகநிலம், மனத்தின் நிலப்படம். அது பெரிய வெளிச்சம்தான். அதை மறுக்க எனக்கு உத்தேசமில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறைந்தது உரிப்பொருள். தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்கிறது. செய்தி என்றால் செயல், தொழில். அந்த நிலத்தில் மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பறவைக்கும் மரத்துக்கும் சமமாக அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. உப்பு விற்கிறவளும் தினைப்புனம் காக்கிறவளும் பின்னணிச் சித்திரங்கள் இல்லை. அவர்கள் வேலையின் வழியாகத்தான் அந்தப் பிரிவும் காத்திருப்பும் ஸ்தூலமாகின்றன. வேலையில்லாத நிலம் என்ற கருத்தே அந்தக் கவிகளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பாலைக்குக்கூட வழிப்பறி என்ற தொழிலைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

'எழுத்து' காலத்திலிருந்து படிமம், படிமம் என்று பேசி வருகிறோம். இன்று என் கைக்கு வரும் கவிதைகளில் பாதி ஹவுஸ்போட்டுகள். மழை, ஜன்னல், ஒற்றைப் பறவை, ஆறிய தேநீர். உருவம் கச்சிதம். மூட்டை இறக்கப்பட்டு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அதில் கவிஞன் உட்கார்ந்து ஏகாந்தமாகப் பார்க்கிறான். அந்த உருவம் முன்பு ஒரு காலத்தில் எதையோ தாங்குவதற்காக வளைந்தது என்பது அவனுக்குத் தெரிவதில்லை. மறுபக்கத்தில் உழைப்பாளியைப் பாடுகிறவர்களும் பெரும்பாலும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள். தென்னையைப் பார்க்கிற திசையிலிருந்து துணி துவைக்கிறவளைப் பார்க்கிற திசைக்கு அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் அம்மா கேட்ட கேள்வி இவர்களில் எவருக்கும் எழாது. அவள் கேட்டது இரக்கத்தால் இல்லை. ஒரு வேலைக்காரி இன்னொருவர் வேலையைப் பார்த்து, இது எப்படி நடக்கிறது என்று கேட்டாள். கவிதைக்கு இந்தக் கேள்வி போதும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் நான் சமைக்கிறேன். ஒரு நாள் இன்னொருத்தர் சமைச்சுப் போட்டா, சாப்பிட்டுட்டுத் தென்னமரத்தப் பாக்கறேன். அதுல உங்களுக்கு என்ன தகராறு?" அவள் தட்டில் கரிமீன் பொரியல் இருந்தது. இதற்கு என்னிடம் பதிலில்லை, தேவையுமில்லை. ஓய்வுக்குக் காட்சி வேண்டும். ஸ்ராங்குக்கும் சமையல்காரருக்கும் என்ஜின்காரருக்கும் அந்தக் காட்சியால்தான் சம்பளம். நான் சொல்ல வருவது கவிதை ஓய்வுநாள் இல்லை என்பது மட்டுமே.

ஆறு மணிக்குப் படகைக் கட்டினார்கள். ஒன்பது மணிக்கு ஏ.சி. போட்டார்கள். அம்மா அறைக்குள் படுக்க மறுத்துத் தளத்தில் பாய் விரித்துக்கொண்டாள். தூங்கவில்லை. தலைக்கு மேல் தண்ணீர் நிற்கிற ஊரில் இவர்கள் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று இரண்டு தரம் கேட்டாள். தூரத்தில் சிறு விளக்குகள் நகர்ந்தன. வலைக்காரர்கள்.

இந்த நீரில் உண்மையான இரவுப் பயணங்கள் இருந்திருக்கின்றன. 1924 ஜனவரி 16ல், இதே மாவட்டத்தில், பல்லனையாற்றில், ரெடீமர் என்ற படகு கவிழ்ந்து குமாரன் ஆசான் இறந்தார். ஐம்பது வயது. மீட்பர் என்று பெயர் வைத்த படகு. அதில் யாரும் காட்சி பார்க்க ஏறவில்லை. எங்கோ போய்ச் சேர வேண்டியிருந்தது, ஏறினார்கள். வேம்பநாட்டுக் காயலில் முகம்மா கரைக்கு எதிரே பாதிராமணல் என்று ஒரு தீவு உண்டு. பாதி இரவின் மணல். பெயரே ஒரு கவிதை போலிருக்கிறது என்று போவதற்கு முன் டைரியில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் படகு அவ்வளவு தூரம் போகவில்லை. 2002 ஜூலை 27 காலையில் அதே முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போனவர்கள். பரீட்சை எழுதித்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் எத்தனை தரம் போயிருப்பேன். பாதிராமணல் என்ற சொல்லை இனி என்னால் அந்த ஹால் டிக்கெட்டுகளை விலக்கிவிட்டு உச்சரிக்க முடியாது. இதனால் அந்தச் சொல்லின் அழகு குறைந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கனம் கூடியிருக்கிறது.

காலையில் ஸ்ராங்கு 2018 வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். ஆகஸ்டில் கரைகள் உடைந்து குட்டநாடு முழுவதும் காயலாகிவிட்டபோது, கிடைத்த படகுகளிலெல்லாம் ஆட்களை ஏற்றிக் கரைசேர்த்தார்கள். ஹவுஸ்போட்டுகளும் அதில் இருந்தன. இவர் ஓட்டியதில் நாற்காலிகளையும் மேஜையையும் தூக்கி எறிந்துவிட்டு, கிழவர்கள், கைக்குழந்தைகள், ஆடுகள், ஒரு தையல் மெஷின், நெல்மூட்டைகள். சொல்லிக்கொண்டே ஓரமாகக் குனிந்து, படகின் வெளிப்பலகையில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே கையை வைத்துக் காட்டினார். "அன்னைக்கு இது வரைக்கும் தாழ்ந்தது."

அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "தாங்குச்சா?" என்றாள்.

"தாங்கறதுக்குத்தானம்மா கட்டியிருக்கு" என்றார்.